கதவு உடைவதற்கு முன்னால் தாழ்ப்பாள் போயிருக்கும்

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் இரண்டு ஷிப்ட், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,100 பேர். காலை ஷிப்ட் 1.15-க்கு விடும், மதிய ஷிப்ட் 1.30-க்குத் தொடங்கும். போன செமஸ்டரில் ஆண்கள் கழிப்பறைக் கதவுகள் மூன்று உடைந்தன, பல வகுப்புகளில் ஸ்விட்ச் போர்டு பெயர்ந்தது, ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் இரண்டு முறை அடிதடி. தண்ணீர்க் குழாயடியில் தினமும் தள்ளுமுள்ளு. இரண்டாம் மாடி வராண்டாவில் நின்றுகொண்டு கீழே போகும் மாணவிகளைப் பார்த்து விசிலடிக்கிறார்கள். நிர்வாகம் வளாகம் முழுக்க சிசிடிவி போடுவது, மதில் சுவரை உயர்த்துவது, மரத்தடிக் கல்பெஞ்சுகளைப் பெயர்த்தெடுப்பது, பின்பக்க மாடிப்படியை கிரில் கேட் போட்டுப் பூட்டுவது என்று திட்டமிடுகிறது. "இந்த ஊர்ப் பசங்க இப்படித்தான், எதைக் கட்டிக்கொடுத்தாலும் உடைப்பானுங்க" என்கிறார்கள் சீனியர்கள். எனக்கோ கட்டடமும் வசதிக் குறைவும்தான் பாதிக் காரணமோ என்று தோன்றுகிறது. அதைச் சொன்னால் "பசங்களுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?" என்கிறார்கள். சுற்றுப்புறம் நடத்தையை உண்மையிலேயே மாற்றுமா? கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எதை முதலில் செய்யச் சொல்வது?

பதில்:

அன்புள்ள பேராசிரியைக்கு,

மாற்றும். உங்கள் சந்தேகம் சரிதான். ஆனால் "கட்டடம்" என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிர்வாகத்திடம் பேசும்போது மாட்டிக்கொள்வீர்கள். "சரி மேடம், புது பிளாக் கட்டப் பணத்துக்கு எங்கே போறது?" என்று ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

1970களில் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டனில் 12 மேல்நிலைப் பள்ளிகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். ஒரே மாதிரிப் பகுதிகளிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒரு பள்ளியில் ஒழுங்காகவும் இன்னொன்றில் அடாவடியாகவும் இருப்பது ஏன் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 1979-ல் முடிவுகள் வந்தன. கட்டடத்தின் வயசுக்கும் வளாகத்தின் பரப்புக்கும் பள்ளியின் பலன்களுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. பழசு என்பதால் பள்ளி கெட்டுப்போகவும் இல்லை, புதுசு என்பதால் தேறவும் இல்லை. சம்பந்தம் தெரிந்தது வேறு விஷயங்களில். வகுப்பறை சுத்தமாக, பராமரிப்போடு இருக்கிறதா? சுவரில் படம், ஓரத்தில் செடி என்று யாரோ அக்கறை எடுத்த அடையாளம் தெரிகிறதா? இடைவேளையில் பிள்ளைகள் கட்டடத்துக்குள் இருக்கலாமா, சூடாக ஏதாவது குடிக்கக் கிடைக்குமா, அவசரத்துக்கு ஒரு போன் பேச முடியுமா? இதெல்லாம் இருந்த பள்ளிகள், மாணவர்களுக்குப் பொறுப்பு கொடுத்த பள்ளிகள், மற்றவற்றைவிட நன்றாக இருந்தன.

ஆக உங்கள் கட்டடத்துக்கு வயசு அறுபதா எழுபதா என்பதை விட்டுவிடுங்கள். அங்கே ஒரு பொருள் பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது, ஒரு மாணவன் வகுப்பில்லாத நேரத்தில் எங்கே போய் உட்காருவான், இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கலாட்டா இந்த இரண்டுக்குள் வந்துவிடும்.

உடைந்த அந்த மூன்று கதவுகளையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கல்லூரியை நான் பார்த்ததில்லை, ஆனால் ஆண்கள் கழிப்பறைக் கதவு உடைகிற கதையைப் பல கல்லூரிகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் தாழ்ப்பாளின் ஒரு ஸ்க்ரூ கழன்று விழும். யாரும் உடைத்ததில்லை, ஈரத்தில் துருப்பிடித்து விழுந்தது. மறுநாள் தாழ்ப்பாள் ஒரு பக்கமாகத் தொங்கும், அடுத்த வாரம் இருக்காது. இப்போது உள்ளே போகிறவன் ஒரு காலால் கதவுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லை வெளியே நண்பனைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். காவலுக்கு நிற்கிற பையன் சும்மா நிற்பானா? கதவைத் தட்டுவான், தள்ளுவான், உதைப்பான், உள்ளே இருப்பவன் கத்துவான், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதுவே ஒரு விளையாட்டாகிவிடும். கதவின் அடிப்பகுதி தண்ணீரில் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும். ஒருநாள் கீல் பெயர்ந்துவிடும். அன்றைக்குத்தான் அலுவலகத்துக்கு விஷயம் தெரியவரும். கோப்பில் "மாணவர்களால் சேதப்படுத்தப்பட்டது" என்று ஏறும்.

உதைத்தவன் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தாழ்ப்பாள் போன நாளுக்கும் கதவு பெயர்ந்த நாளுக்கும் நடுவே இரண்டு மாதம் ஓடியிருக்கும். சில நூறு ரூபாய் வேலைக்கு அந்த இரண்டு மாதமும் ஆள் வரவில்லை. ஸ்விட்ச் போர்டும் அப்படித்தான். ஃபேன் ரெகுலேட்டர் வேலை செய்யாது, யாரோ பேனா மூடியால் திருப்பிப் பார்ப்பார்கள், குமிழ் கையோடு வந்துவிடும், உள்ளே ஒயர் தெரியும், அப்புறம் அந்தப் பலகையை யாரும் பலகையாக மதிக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிற இடத்தில் மனிதர்கள் இன்னும் கொஞ்சம் கெடுப்பார்கள் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரத்தில் கீஸ் கைசரும் அவருடைய குழுவினரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு சந்தில் நிறுத்தியிருந்த சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் விளம்பரத் தாளைச் சுற்றி வைத்தார்கள். பக்கத்தில் குப்பைத்தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் தாளைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்தபோது 69 சதவீதம். இன்னொரு சோதனையில், 5 யூரோ நோட்டு வெளியே தெரியும்படி ஒரு கடித உறையைத் தபால்பெட்டியில் பாதி செருகி வைத்தார்கள். பெட்டி சுத்தமாக இருந்தபோது அதை எடுத்துக்கொண்டவர்கள் 13 சதவீதம், பெட்டியில் கிறுக்கல் இருந்தபோது 27. சுவர்க் கிறுக்கலுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்? "இங்கே யாரும் எதையும் கவனிப்பதில்லை" என்ற சேதிதான் சம்பந்தம். இவர்கள் எல்லாரும் வழியில் போன சாதாரண மனிதர்கள். "இந்த ஊர்ப் பசங்க" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி யோசனையை ஜேம்ஸ் கியூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் அமெரிக்காவில் 1982-லேயே எழுதினார்கள்: ஒரு ஜன்னல் உடைந்து அப்படியே கிடந்தால் மற்ற ஜன்னல்களும் சீக்கிரம் உடையும் என்று. நியூயார்க் போலீஸ் 1990களில் அதைக் கையில் எடுத்தபோது, சில்லறைத் தப்புகளுக்கெல்லாம் ஆளைப் பிடிப்பதாகத்தான் முடிந்தது. மாட்டியவர்களில் கறுப்பினத்தவரும் ஏழைகளுமே அதிகம். உங்கள் குழுவிலும் அப்படித் திரும்ப வாய்ப்பிருக்கிறது. "ஆமாம் மேடம், சின்னத் தப்பையே விடக் கூடாது" என்று சொல்லி, சட்டையை வெளியே விட்டவன், தாடி வைத்தவன் எல்லாரையும் வாசலில் நிறுத்துவார்கள். ஜன்னலை மாற்றுவது ஒரு வேலை, ஆளை விரட்டுவது வேறு வேலை.

அடுத்தது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பது. ரான் ஆஸ்டர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 5 உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, அடிதடி நடந்த இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். 1999-ல் அது வெளியானது. குறிகள் வளாகம் முழுக்கச் சிதறி விழவில்லை. நடைபாதை, சாப்பாட்டு இடம், வண்டி நிறுத்துமிடம் என்று பெரியவர்கள் யாரும் இல்லாத, யாருடைய பொறுப்பும் இல்லாத இடங்களில் குவிந்திருந்தன. ஆசிரியர்களைக் கேட்டால், வகுப்பறைக்குள் நடப்பது என் பொறுப்பு, வராண்டா என் வேலையில்லை என்பார்கள். நம் ஊரிலும் அதே கதைதான். துறைத்தலைவரின் அறை வாசல்வரை துறைக்குச் சொந்தம். அதைத் தாண்டிய மாடிப்படிக்குச் சொந்தக்காரர் கிடையாது.

இதை உங்கள் கல்லூரியில் செய்ய ஒரு பைசா செலவில்லை. வளாகத்தின் படத்தை ஏ4 தாளில் வரைந்து நகலெடுங்கள். பெயர் எழுத வேண்டாம், ஷிப்டும் ஆணா பெண்ணா என்பதும் போதும். சண்டை நடக்கும் இடத்தில் பெருக்கல் குறி, போகவே பயமாக இருக்கும் இடத்தில் வட்டம், பக்கத்தில் மணி. தாளைக் கொடுப்பது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவாக இருக்கக் கூடாது, உங்கள் கையிலிருந்து வாங்கினால் பாதிப் பேர் வெறுந்தாளாகத் திருப்பித் தருவார்கள். என்.எஸ்.எஸ். தன்னார்வலர்கள் கொடுக்கட்டும். மாணவர்களோடு நிறுத்தாமல் துப்புரவுப் பணியாளர்கள், வாட்ச்மேன், கேண்டீன் மாஸ்டர் மூவரிடமும் கேளுங்கள். எந்தப் படிக்கட்டுக்கு அடியில் காலிப் பாக்கெட் கிடக்கிறது, எந்தச் சுவரோரம் யார் கூடுகிறார்கள் என்று முதல்வரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை எந்தக் குழுவிலும் யாரும் கேட்பதில்லை.

குறிகள் எங்கே விழும் என்று என்னால் இப்போதே ஓரளவு சொல்ல முடியும். 1.15 முதல் 1.40 வரை, வாசல். நீங்கள் எழுதிய கணக்கையே பாருங்கள். 1,100 பேர் வெளியே போக வேண்டும், 1,100 பேர் உள்ளே வர வேண்டும், நடுவில் 15 நிமிடம், ஒரே வாசல், அதிலேயே பைக்குகளும். உச்சி வெயில். காலை ஷிப்ட் பிள்ளைகளில் கிராமத்திலிருந்து வருகிறவன் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு கிளம்பியிருப்பான். இந்த நெரிசலில் ஒரு ஹேண்டில்பார் ஒருவன் முழங்கையில் இடித்தால் போதும். அவன் திரும்பிப் பார்க்கிற பார்வையை இவன் "முறைக்கிறான்" என்று எடுத்துக்கொள்வான். அப்புறம் துறைப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் வந்துவிடும். விசாரணையில் நீங்கள் "யார் முதலில் அடித்தது?" என்று கேட்பீர்கள். 15 நிமிடத்தை யார் போட்டது என்று கேட்க மாட்டீர்கள்.

நான் ஆலோசகராகப் போய்வரும் ஒரு கல்லூரியில் இதே நிலை இருந்தது. இடைவெளியை 40 நிமிடமாக்கினார்கள், காலை ஷிப்டைத் துறைவாரியாக ஐந்து ஐந்து நிமிடம் தள்ளி விட்டார்கள். பூட்டியே கிடந்த பக்கவாசலைத் திறந்து பைக்குகளை அந்த வழியாக அனுப்பினார்கள். வாசலில் இரண்டு ஆசிரியர்கள் நிற்பார்கள், கையில் பிரம்போ நோட்டோ இல்லாமல், வருகிறவர்களைப் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டு. வாசல் சண்டை அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு வரும் கோப்புகளில் வாசல் என்ற சொல் அரிதாகிவிட்டது. கேண்டீன் காலை எட்டு மணிக்கே திறந்து இட்லி, பொங்கல் கொடுத்ததற்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன். பசித்தவனிடம் நிதானத்தை எதிர்பார்க்கக் கூடாது.

குழாயடித் தள்ளுமுள்ளு இன்னும் எளிய கணக்கு. ஒரு பாட்டில் நிரம்ப 20 விநாடி என்று வையுங்கள். 20 நிமிட இடைவேளையில் ஒரு குழாயில் 60 பேர் பிடிக்கலாம். நாலு குழாய் இருந்தால் 240 பேர். மீதி 860 பேர் என்ன செய்வார்கள்? கொஞ்சம் பேர் தாகத்தோடு வகுப்புக்குப் போவார்கள், கொஞ்சம் பேர் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவார்கள், உடம்பில் வலு உள்ளவன் இடித்துக்கொண்டு முன்னால் போவான். தண்ணீருக்கு வலு வேண்டும் என்று நான்கு குழாய்கள் தினமும் பாடம் நடத்துகின்றன, நாம் வகுப்பில் வேறு பாடம் நடத்துகிறோம். எத்தனை குழாய் வேலை செய்கிறது என்று ஒருநாள் இடைவேளையில் நீங்களே நின்று எண்ணிப் பாருங்கள். தொட்டியில் எட்டுக் குழாய் இருக்கும், மூன்றில் தண்ணீர் வரும், அதுதான் வழக்கம்.

இரண்டாம் மாடி வராண்டா விஷயத்தில் இரண்டு வேறு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. அங்கே அத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்பது ஒன்று. கௌரவ விரிவுரையாளர் பணியிடம் காலி, பீரியட் ஃப்ரீ, வகுப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள், நூலகத்தில் "டிபார்ட்மென்ட் லெட்டர் இருக்கா?" என்று கேட்கிறார்கள், விளையாட்டு அறைச் சாவி உடற்கல்வி இயக்குநரிடம், அவர் ஒரு டீமை அழைத்துக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். நிற்பதற்கு வராண்டா மட்டும்தான் மிச்சம். இதற்கு ஒவ்வொரு தளத்திலும் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள், நூலகத்தில் கடிதக் கெடுபிடியை எடுங்கள், கேரம் பலகைகளை வெளியே வையுங்கள். இதெல்லாம் அனுமதி சம்பந்தப்பட்டவை, பணம் சம்பந்தப்பட்டவை அல்ல.

ஆனால் விசிலடிப்பதை நான் கட்டடத்தின் கணக்கில் எழுத மாட்டேன். சும்மா நிற்கிற எல்லாரும் விசிலடிப்பதில்லை. அது பாலியல் சீண்டல், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் கல்லூரியில் இருந்தாக வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவிடம் போக வேண்டிய விஷயம். "சும்மா ஜாலிக்கு" என்று சமாதானம் பேசி முடித்துவைக்க வேண்டாம். மாணவிகளுக்கு வேறு வசதிக் குறைகளும் இருக்கும், அவர்கள் கலாட்டா செய்வதில்லை என்பதால் உங்கள் குழுவின் கண்ணில் படாது. கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் இருக்கிறதென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், மதியம் தலைவலி என்று வீட்டுக்குப் போவார்கள், அட்டெண்டன்ஸ் குறையும், கடைசியில் ஒழுங்கீனம் என்று பெற்றோரை வரச்சொல்வோம்.

வெப்பமும் சத்தமும் பற்றி இரண்டு வரி. வெயில் ஏற ஏற மனிதர்களின் எரிச்சலும் கைகலப்பும் கூடுகின்றன என்று உளவியலில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். மதிய ஷிப்டை ஷீட் கூரைக்குக் கீழே உட்காரவைத்திருந்தால் மார்ச் மாதத்துக்குள் கூரை மேல் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். சத்தத்துக்கு ஒரு நல்ல உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒரு வருடம்வரை பின்தங்கியிருந்ததை ஆர்லைன் பிரான்சாஃப்ட் 1975-ல் காட்டினார். தண்டவாளத்துக்கு ரப்பர் அட்டையும் வகுப்பறைக் கூரைக்குச் சத்தம் உறிஞ்சும் பலகையும் போட்ட பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆசிரியரின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாத வகுப்பில் கடைசி பெஞ்ச் தனக்கென்று ஒரு வகுப்பு நடத்தத்தான் செய்யும். பஸ் நிலையம் பக்கத்து அறைகளைக் கூட்டமான மேஜர் பேப்பர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி நிர்வாகத்தின் நாலு திட்டங்களுக்கு வருகிறேன்.

கேமரா முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது: வண்டி நிறுத்துமிடங்களில் திருட்டைக் குறைப்பதில் கேமரா நல்ல பலன் தருகிறது, அடிதடி போன்ற வன்முறையில் பெரிய பலன் தெரியவில்லை. காரணம் எளிது. திருடுகிறவன் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருடுகிறான். கோபத்தில் கை ஓங்குகிறவன் மேலே பார்ப்பதில்லை. அதனால் வண்டி நிறுத்துமிடம், வாசல், நூலகம் மூன்றுக்கும் போடுங்கள். ஒவ்வொரு வராண்டாவுக்கும் போட்டால், ஆறு மாதத்தில் பாதி வேலை செய்யாது, எது வேலை செய்யாது என்று மாணவர்களுக்கு முதலில் தெரியும்.

மதில் சுவரை உயர்த்துவது பயத்துக்குச் செய்யும் செலவு. உங்கள் கடிதத்தில் வெளியாள் உள்ளே வந்ததாக ஒரு வரிகூட இல்லை. சுவருக்கு வெளியே கவனிக்க வேண்டியவை பெட்டிக்கடையும் பஸ் நிறுத்தமும். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் போதும். பஸ் விஷயத்தை லேசாக எடுக்க வேண்டாம். சென்னையில் "ரூட் தல" என்று வழித்தடத்துக்கு ஒரு தலைவன் உருவானதும், "பஸ் டே" என்று கூரை மேல் ஏறி ஆடியதும், 2019 ஜூனில் ஓடும் பஸ் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்த வீடியோவும் உங்களுக்குத் தெரியும். ஒரே வழித்தடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேர் ஒரு பஸ்ஸுக்குக் காத்திருந்தால், அந்தக் காத்திருப்பிலேயே ஒரு கும்பல் உருவாகிவிடும். 1.30-லிருந்து 2.15-க்குள் கூடுதலாக ஒரு பஸ் விடச்சொல்லிப் போக்குவரத்துக் கழக டிப்போவுக்கு முதல்வரே நேரில் போய் மனு கொடுக்கட்டும்.

கல்பெஞ்சுகளைப் பெயர்க்க வேண்டும் என்பதன் பின்னால் வேறொரு காரணம் இருக்கும் என்று ஊகிக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. "இந்த மரத்தடி அவங்க ஆளுங்களோடது" என்று பிரிந்து கிடக்கிறதோ? பல ஊர்களில் அப்படித்தான். பெஞ்சை எடுத்தால் ஆட்கள் பைக் மேல் உட்காருவார்கள், பிரிவு அப்படியே இருக்கும். சாதியைக் கட்டட வேலையால் தீர்க்க முடியாது. 2008 நவம்பரில் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்களுக்குள் நடந்த சாதி மோதலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018-ல் அந்தக் கல்லூரியை நகரத்தைவிட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்து மாற்றினார்கள், மாணவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். தூரமாகக் கொண்டுபோவதால் பிரச்சினை செய்திக்கு வராமல் போகலாம், தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நாங்குநேரியில் 2023-ல் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024-ல் பள்ளிகளுக்குக் கொடுத்த யோசனைகளில், வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவைப்பதும் இருக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் திசை சரி. யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதை நாம்தான் கலைத்துப் போட வேண்டும். லேப் ஜோடி, புராஜெக்ட் குழு, ஃப்ரீ பீரியடில் திறக்கும் அறையின் சாவிப் பொறுப்பு, எல்லாவற்றையும் அகர வரிசையில் கொடுங்கள். பெஞ்சுகளை எடுக்காமல் இன்னும் நாலு இடத்தில், நாலு பேர் மட்டும் உட்காரும் அளவில் போடுங்கள்.

நாலாவதான கிரில் கேட்டை எழுத்துப்பூர்வமாக எதிருங்கள், மாற்றுக் கருத்து என்று கூட்டக் குறிப்பில் ஏறட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்ததற்கு, வெளியேற வழியில்லாத குறுகலான மாடிப்படியும் ஒரு காரணம். ஒழுங்குக்காக ஒரு மாடிப்படியைப் பூட்டுவது என்ற பேச்சே வரக் கூடாது. பின்பக்கப் படியில் தப்பு நடக்கிறதென்றால் அங்கே விளக்குப் போடுங்கள், முதல் தளத்தில் ஒரு ஆசிரியர் அறையைப் படிக்கட்டுக்கு எதிரே மாற்றுங்கள்.

"வக்காலத்து" குற்றச்சாட்டுக்கு என்ன பதில் சொல்வது? தண்டனை வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அடித்தவன் பதில் சொல்ல வேண்டும், உடைத்தவன் ஈடு கட்ட வேண்டும். ஆனால் ஆள் தெரியவில்லை என்று மொத்த வகுப்புக்கும் ஃபைன் போடாதீர்கள், உடைக்காத ஐம்பது பேருக்கும் அந்தக் கதவின் மேல் வெறுப்பு வந்துவிடும். இன்னொன்று, கழிப்பறையைக் கழுவச்சொல்லித் தண்டிப்பது. சில கல்லூரிகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். தினமும் அந்த வேலையைச் செய்கிற பெண்மணியின் உழைப்பு ஒரு தண்டனை என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், அந்த வேலை இந்த நாட்டில் யார் தலையில் விழுந்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்குப் பதிலாகத் தச்சர் வரும்போது கூட நின்று கதவைப் பொருத்த உதவச்சொல்லுங்கள்.

பணம் குறைவு என்றால் முதல் செலவு இது: மாதத்துக்கு இருமுறை வந்துபோகும் ஒரு பிளம்பர், ஒரு தச்சர், ஒரு எலெக்ட்ரீஷியன், அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரும் ஏற்பாடு, அலுவலகக் கண்காணிப்பாளர் கையில் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் செலவழிக்க ஒரு சிறு தொகை. கூடவே ஒரு பதிவேடு: எது பழுது, யார் சொன்னது, எந்தத் தேதி, எந்தத் தேதியில் சரியானது. மாணவர்கள் புகார் எழுத வகுப்புக்கு ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள். சரிசெய்த பிறகு அவனிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாவது செலவு குழாய்கள், மூன்றாவது கூரைப் பூச்சு. கழிப்பறைக் கதவுகளை ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் முடித்துவிடுங்கள். புது மாணவர்கள் முதல் வாரத்தில் எதைப் பார்க்கிறார்களோ அதுதான் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு செமஸ்டர் கழித்து அந்தப் பதிவேட்டையும் உங்கள் குழுவின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் உங்களுக்காக அவை பேசும்.

வரைபடத் தாள்கள் கைக்கு வரும்போது கவனமாக இருங்கள். ராகிங் நடந்ததாக ஏதாவது குறி தென்பட்டால் அது ஆய்வுத் தகவலாக நிற்காது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் யு.ஜி.சி.யின் 2009 விதிகளும் கல்லூரியின் மேல் கடமையைப் போட்டிருக்கின்றன, உடனே ராகிங் தடுப்புக் குழுவுக்குப் போக வேண்டும். மாணவிகளின் தாள்களை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் சுற்றுக்கு விடாதீர்கள். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. நீங்களும் உள்ளகப் புகார்க் குழுத் தலைவியும் மட்டும் முதலில் பாருங்கள், இடமும் நேரமும் மட்டும் எடுத்து ஒரே படத்தில் குறித்து, அந்தப் படத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.